அன்று மூட முடிகிற அளவுக்கே அன்று உரிக்கலாம்

பழைய காரின் பெயின்ட்டை உரிக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், உரித்த தகரத்தை அன்று மாலைக்குள் எதைப் போட்டு மூடப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பெயின்ட்டை எடுக்க வழிகள் நிறைய இருக்கின்றன. எடுத்த பிறகு வெறும் தகரமாக நிற்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான் வண்டி பிழைப்பதும் கெடுவதும் தீர்மானமாகிறது. காற்றுபட்ட தகரம் அன்றிரவே துருப்பிடிக்க ஆரம்பித்துவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தத் துருவின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் சில மழைக்காலங்களில் கொப்புளம் விட்டுவிடும்.

எங்களுடையது அம்பாசிடர் மார்க் 2. அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, 1960களின் கடைசியில் வாங்கியது. கிணத்துக்கடவுப் பக்கம் எங்கள் தோட்டத்தில் தேங்காய் மூட்டையிலிருந்து கல்யாணப் பெண் வரை அதில் ஏறாதது எதுவும் இல்லை. அப்பிச்சி காலத்துக்குப் பின் தோட்டத்துச் சாளையில் (கொட்டகையில்) பல வருடம் நின்றுவிட்டது. அதைத் திரும்ப ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அம்மாவின் ஆசை, எனக்கும்தான்.

அம்பாசிடர் 1957இல் வந்தது, இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரை அடிப்படையாகக் கொண்டது. மார்க் 2 வந்தது 1962இல். லாரி மாதிரி தனிச் சேஸிஸ் இதற்குக் கிடையாது, பாடியே சுமை தாங்குகிறது. அதனால் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியில் துரு விழுந்தால் அது வண்டியின் பலத்தையே தின்னும். பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்ததற்கு இதுதான் காரணம். வெறும் பளபளப்புக்காக என்றால் இவ்வளவு வேலையில் இறங்கியிருக்க மாட்டோம்.

எங்களுக்கு வழிகாட்டிய பெயின்டர் அண்ணன் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் தொழில் பழகியவர். வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு அவர் கேட்டது இது: "ஏனுங் தம்பி, எதுக்கு உரிக்கோணும்னு மொதல்ல சொல்லுங்க. எப்படி உரிக்கறதுன்னு அப்புறம் பேசலாம்."

நியாயமான கேள்வி. பழைய பெயின்ட் தகரத்தை இறுக்கமாகப் பிடித்திருந்தால், மயிர்க்கோடு விடாமல் இருந்தால், அதை 320 நம்பர் வாட்டர் பேப்பரில் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்துவிட்டு மேலே அடித்துவிடலாம். ஃபேக்டரியில் அடித்த முதல் பிரைமர், அதாவது பெயின்ட்டுக்கு அடியில் போடும் பூச்சு, பல இடங்களில் இன்றும் நன்றாகவே இருக்கும். அதைச் சுரண்டி எடுத்தால் உள்ள பாதுகாப்பும் போய்விடும். எங்கள் வண்டியில் கூரையின் உள்பக்கமும் டேஷ்போர்டின் அடிப்பகுதியும் அப்படித்தான் இருந்தன, அவற்றைத் தொடவே இல்லை. பானெட், நான்கு மட்கார்டு, கதவுகள், டிக்கி, கூரையின் மேல்பக்கம் ஆகியவை மட்டும் உரிப்பது என்று முடிவானது.

மேலே என்னென்ன பூச்சு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. யார் கண்ணிலும் படாத ஓரிடத்தில், ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வாட்டர் பேப்பரால் குழிவாகத் தேய்க்க வேண்டும். நடுவில் தகரம் தெரியும்வரை தேய்த்தால், வெட்டிய மரத்தின் வளையங்களைப் போல ஒவ்வொரு பூச்சும் வட்டமாகத் தெரியும். எங்களுடையதில் மேலே வெள்ளை, அதற்கடியில் கிரீம், அப்புறம் ஒரு பச்சை, பிறகு ரெட் ஆக்சைடு என்ற சிவப்புப் பிரைமர், கடைசியில் நீலம் கலந்த சாம்பல். டேஷ்போர்டுக்கு அடியில் இருந்ததும் அதே சாம்பல்தான் என்பதால் வண்டியின் பிறந்த நிறம் அதுவே என்று உறுதியானது.

அடுத்தது தின்னர் சோதனை. வெள்ளைத் துணியில் என்.சி. தின்னரைத் தொட்டு ஒவ்வொரு பூச்சின் மேலும் தேய்த்துப் பார்க்க வேண்டும். நிறம் கரைந்து துணியில் ஒட்டினால் அது என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) பெயின்ட். சுருங்கி மென்மையானால் பழைய எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால், இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து அடித்த பி.யு. (பாலியூரித்தேன்). இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு பயன் இருக்கிறது. அடியில் என்.சி. பூச்சு இருந்து, அதை எடுக்காமல் மேலே புதிய பி.யு. அடித்தால், புதிய பெயின்ட்டில் உள்ள தின்னர் அடிப்பூச்சைக் கிளப்பிவிடும். அடித்த அன்றே தோல் சுருங்கியது போல் ஆகிவிடும். எங்கள் வண்டியில் கிரீமும் பச்சையும் என்.சி., அதனால் உரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது சோதனைக்கு ஒரு சின்னக் காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றிப் பாடி முழுக்க நகர்த்திக்கொண்டே போனால், பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை, கனமாக வைத்த இடத்தில் காந்தம் பிடிக்காது. அந்த இடங்களைச் சாக்பீஸில் வட்டமிட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். இடது முன் மட்கார்டும் டிரைவர் பக்கக் கதவின் அடிவிளிம்பும் வட்டத்தால் நிறைந்துவிட்டன.

ஆவண விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தில் கிரைண்டரோ வயர் பிரஷ்ஷோ படக்கூடாது. தெளிவாகப் படம் எடுத்து, டேப் ஒட்டி மூடிவிட வேண்டும். நிறம் ஆர்.சி. புத்தகத்தில் பதிவான ஒன்று, மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். மத்திய அரசு 2021இல் வின்டேஜ் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. முதல் பதிவுக்குப் பின் 50 வருடம் கடந்த வண்டிகளுக்கு 'விஏ' எழுத்துகள் உள்ள பதிவு எண் கிடைக்கும். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. பாடியை வெட்டிக் கடாசிவிட்டுப் புதுத் தகரம் வைப்பதைவிட, இருப்பதை உரித்துச் சீராக்குவதே நல்லது என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி எப்படி உரிப்பது என்பது. கோயம்புத்தூரில் ஃபவுண்டரிகளும் பவுடர் கோட்டிங் பட்டறைகளும் நிறைய இருப்பதால், "ஷாட் பிளாஸ்டிங் குடுத்தா அரை நாள்ல முடிஞ்சிரும்" என்று, சின்ன இரும்புக் குண்டுகளை வேகமாக அடித்துப் பெயின்ட்டை எடுக்கும் முறையைச் சொல்பவர்களும் நிறைய. வார்ப்பு இரும்புக்கும் வீல் டிஸ்க்குக்கும் சஸ்பென்ஷன் கைகளுக்கும் அது அருமையான முறை. நாங்களும் டிஸ்க்குகளை அப்படித்தான் கொடுத்தோம். ஆனால் பானெட், கதவு, கூரை போன்ற அகலமான தகரத்துக்கு அது எமன். வேகமாக மோதும் ஒவ்வொரு குண்டும் தகரத்தின் மேல்தோலை நுணுக்கமாக அடித்து நீட்டுகிறது. ஒரு பக்கம் மட்டும் நீண்டால் தகரம் வளையும், அலை விழும். உறவினர் ஒருவரின் காருக்கு ஒரு பட்டறையில் மணல் அடித்துக் கொடுத்தார்கள். பானெட்டை விரலால் அழுத்தினால் டப் என்று உள்ளே போய் டப் என்று வெளியே வருகிறது. அந்தத் தகரத்தைத் திரும்ப நிமிர்த்த எந்த டிங்கராலும் முடியவில்லை. மணலில் இன்னோர் ஆபத்தும் உண்டு. உடைந்து பறக்கும் சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கிச் சிலிகோசிஸைக் கொண்டுவரும். வந்துவிட்டால் அதற்குக் குணமில்லை.

காஸ்டிக் சோடாக் கரைசல் ஜன்னல் கிரில்லுக்குச் சரி. காரில் மடிப்புக்குள் இறங்கிவிட்டால் கழுவி எடுக்கவே முடியாது, அலுமினியம் பட்டால் அரித்துவிடும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். ஹீட் கன் என்றால் தகரம் வளையும் பயம், பழைய பெயின்ட்டில் ஈயம் இருந்தால் அது புகையாகும் பயம். இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியில் நாங்கள் செய்தது கலவையான முறை. அகலமான பரப்புகளுக்குப் பெயின்ட் ரிமூவர், ஓரங்களுக்கும் மடிப்புகளுக்கும் கையால் வாட்டர் பேப்பர், பிடிவாதமான இடங்களுக்கு மட்டும் ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும் ஸ்டிரிப் டிஸ்க்.

ரிமூவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சட்டென்று வேலை செய்யும் பழைய வகை ரிமூவர்களில் முக்கியப் பொருள் மெத்திலீன் குளோரைடு. அது கொதிப்பது சுமார் 40 டிகிரியில். சித்திரை வெயிலில் கரூர் பரமத்தியின் வெப்பநிலையைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள், அதுவும் ஏறக்குறைய அவ்வளவுதான். நடுப்பகலில் தடவினால் பெயின்ட்டுக்குள் இறங்குமுன் பாதி காற்றில் போய்விடும். டின் வெயிலில் இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, மூடியைத் திறக்கும்போது முகத்தில் பீச்சும். அதனால் டின்னை நிழலில் வைத்து, மூடியின் மேல் துணியைப் போட்டு மெதுவாகத் தளர்த்த வேண்டும். வேலையைக் காலை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும்.

அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய ஷெட்டிலும், வண்டிக்கு அடியில் வேலை பார்க்கத் தோண்டிய குழியிலும் தேங்கி நிற்கும். உள்ளே இழுத்தால் உடம்பு அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. இதய நோய் உள்ளவர்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது. மூடிய அறைகளில் இதை வைத்து வேலை செய்தவர்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019இல் பொதுமக்களுக்கு இதைப் பெயின்ட் ரிமூவராக விற்பதையே தடை செய்துவிட்டார்கள். சாதாரண நைட்ரைல் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும், கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்கையும் நம்ப முடியாது. இதெல்லாம் தெரிந்த பிறகு நாங்கள் மெத்திலீன் குளோரைடு இல்லாத ரிமூவரையே தேடி வாங்கினோம். மெதுவாகத்தான் வேலை செய்யும், பரவாயில்லை. அதையும் சாளைக்கு வெளியே தென்னை நிழலில், காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வருமாறு நின்றுகொண்டுதான் தடவினோம். டின்னில் என்ன இருக்கிறது என்று படிக்காமல் யாரும் திறக்கவே கூடாது.

தடவும் முறையும் முக்கியம். ஹார்டனர் கலந்த மேல்பூச்சை முதலில் 80 நம்பர் உப்புத்தாளால் கீறிவிட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து உள்ளே இறங்காது. அப்புறம் பிரஷ்ஷில் நிறைய எடுத்து ஒரே திசையில் கனமாகப் போட வேண்டும். பெயின்ட் அடிப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தால் மேலே உருவாகும் ஆடை கிழிந்து ஆவி போய்விடும். போட்டவுடன் பாலித்தீன் தாளை மேலே படியவிட்டு மூடினால் நம் ஊர்ச் சூட்டிலும் காயாமல் இருக்கும். பெயின்ட் குமிழ் குமிழாக எழும்பும்வரை பொறுத்து, முனை மழுக்கிய பட்டி பிளேடால் தள்ளினால் தோல் தோலாக வரும். வராத இடத்தைப் பலம் கொடுத்துச் சுரண்டாமல் இன்னொரு கோட் போட வேண்டும். பிளேடு போட்ட கீறல் கடைசிப் பெயின்ட் வரை தெரியும்.

மடிப்பு, இணைப்பு, கதவு விளிம்பு ஆகிய இடங்களில் ஓர் அங்குலம் விட்டு டேப் ஒட்டிவிட்டுத்தான் மருந்து போட வேண்டும். மடிப்புக்குள் போன ரிமூவர் மாதக்கணக்கில் உள்ளேயே இருந்து, புதுப் பெயின்ட் அடித்த பிறகு கசிந்து வந்து அதையும் உரிக்கும். அந்த ஓர் அங்குலத்தைக் கையால் தேய்ப்பதுதான் இந்த வேலையிலேயே சலிப்பான பகுதி. மாமா பையனும் நானும் மாறி மாறித் தேய்த்தோம்.

கிரைண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. உப்புத்தாள் மடல்களை அடுக்கிய ஃப்ளாப் டிஸ்க் பெயின்ட்டோடு தகரத்தையும் தின்னும். ஸ்டிரிப் டிஸ்க் அப்படியில்லை, ஆனாலும் ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடேறித் தகரம் நீளும். கையை வைத்துப் பார்த்துச் சுடுகிறது என்றால் வேறு பக்கம் போய்விட வேண்டும். கூரையில் நாங்கள் மெஷினையே வைக்கவில்லை.

பழைய வாகனப் பெயின்ட்டுகளில், முக்கியமாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களிலும் பழைய பிரைமரிலும், ஈயச் சேர்மங்கள் இருக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று கட்டுப்படுத்தும் விதியே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அப்பிச்சி காலத்துப் பூச்சில் என்ன இருந்ததோ என்ற கவனத்தோடுதான் வேலை செய்ய வேண்டும். உலர்வாகத் தேய்க்காமல் ஈரமாகத் தேய்த்தோம், தூசி பறக்கும் வேலைக்கு, நுண்தூசியைத் தடுக்கும் பி100 ஃபில்டர் மாஸ்க் போட்டோம். வேலைத் துணியைத் தனியாகத் துவைத்தோம், குழந்தைகளைச் சாளைப் பக்கம் விடவில்லை. கை கழுவாமல் டீ கிளாஸைத் தொடக்கூடாது என்பதில் பெயின்டர் அண்ணன் என்னைவிடக் கண்டிப்பு. "எங்களுக்கெல்லாம் அந்தக் காலத்துல சொல்றதுக்கு ஆளில்லீங்க தம்பி" என்றார்.

காந்தம் காட்டிக்கொடுத்த இடங்களைத் திறந்தபோதுதான் இத்தனை பாடும் வீண் இல்லை என்று தெரிந்தது. இடது மட்கார்டில் விரல் கனத்துக்குப் பட்டி. பழைய நசுங்கலைத் தட்டி எடுக்காமல் அப்படியே நிரப்பியிருந்தார்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள், வெறும் தகரத்தின் மேல் வைத்தால் அடியில் துரு ஓடிக்கொண்டே இருக்கும். ஹெட்லைட் கிண்ணத்தைச் சுற்றி ஊசித் துளைகள் விழுந்திருந்தன. கதவின் அடியில் தண்ணீர் வெளியேறும் ஓட்டைகளைப் பழைய பெயின்ட்டே அடைத்துவிட்டிருந்ததால் உள்பக்கம் அரித்திருந்தது. அந்த ஓட்டைகளைத் திறந்துவிடுவது செலவே இல்லாத வேலை, உங்கள் வண்டியில் இன்றைக்கே பாருங்கள். இணைப்புகளில் மங்கலான சாம்பல் நிறத்தில் மென்மையான உலோகம் தெரிந்தால் அது துரு அல்ல. அந்தக் காலத்தில் இணைப்புகளை ஈயக் கலவை வைத்து நிரப்புவார்கள். அதைச் சுரண்டாமலும் உலர்வாகத் தேய்க்காமலும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, தோட்டத்துக் குழாய்களில் படியும் வெள்ளை உப்பைப் பார்த்து நானாக யோசித்தது. நம் பக்கம் ஆழ்குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் உப்புக் கூடியது. ரிமூவரைக் கழுவ அதையே ஊற்றிக் காயவிட்டால் தகரத்தில் உப்பு தங்கும். அது ஈரத்தை இழுத்துப் பெயின்ட்டுக்கு அடியிலேயே துருவைக் கிளப்பும். முதல் கழுவலுக்குப் போர் தண்ணீர் போதும். கடைசிக் கழுவலுக்குக் குடிநீர்க் குழாயில் வரும் ஆழியாறு தண்ணீரைப் பிடித்து வைத்தோம். கோவைக்காரர்களுக்குச் சிறுவாணி இருக்கிறது. கழுவியவுடன் புளோயரால் மடிப்புகளில் ஊதி, துணியால் துடைத்து, தின்னரால் ஒரு முறை துடைத்தோம். அதன் பிறகு வெறும் கையால் தொடக்கூடாது, வியர்வையிலும் உப்புதான்.

பருவம் பார்ப்பதும் அவசியம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் ஈரத்தையும் புழுதியையும் சேர்த்தே கொண்டுவரும், இடையிடையே சாரலும் உண்டு. அப்போது தகரத்தைத் திறந்து வைப்பது வம்பு. காற்று காய்ந்திருக்கும் மாசி, பங்குனிதான் இந்த வேலைக்கு ஏற்ற காலம். அப்போதும் ஒரு நாளைக்கு ஒரு பேனல்தான். காலையில் மருந்து, மதியத்துக்குள் தேய்ப்பு, கழுவல், துருப்பிடித்த குழிகளைச் சுத்தம் செய்வது, மாலையில் எபாக்சி பிரைமர். அன்று மூட முடியாது என்றால் அந்தப் பேனலைத் தொடுவதே இல்லை.

எபாக்சி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடிச்சு விட்ருங்க, நிதானமா பாத்துக்கலாம்" என்பதுதான் பல பட்டறைகளின் வழக்கம். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து நிறுத்திவைத்தால் ஈரம் அதன் வழியே உள்ளே போகும். இரண்டு பாகம் கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர் தகரத்தை இறுக மூடிவிடும், பட்டி வைப்பதானாலும் அதன் மேல்தான் வைக்க வேண்டும். பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த துரு நீக்கி போட்டிருந்தால், அதைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்த பிறகே எபாக்சி அடிக்க வேண்டும். அமில மிச்சம் இருந்தால் பிடிக்காது. கலக்கும் விகிதமும் அடுத்த கோட்டுக்கான நேரமும் டின்னுக்கு டின் மாறும், அதில் போட்டிருப்பதே கணக்கு.

உரித்த கசடைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டிக்கு அடியில் தார்ப்பாய் விரித்து, விழுந்த பெயின்ட்டையும் தேய்த்த சேற்றையும் அள்ளி மூடி போட்ட டிரம்மில் சேர்த்தோம். வாய்க்காலில் தள்ளிவிடலாம், தென்னங்குழியில் கொட்டி மூடிவிடலாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். சாயக்கழிவால் நொய்யல் ஆன கதியைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். 2011இல் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டி வந்தது. ஈயமும் ரசாயனமும் கலந்த சேறு எங்கள் கிணற்றுப் பக்கம் போக நான் சம்மதிக்கவில்லை. டிஸ்க்குகளைக் கொடுத்த பவுடர் கோட்டிங் பட்டறையில், அவர்களுடைய கசடை அனுமதி பெற்ற ஆட்கள் வந்து எடுத்துப் போவது தெரிந்து, பேசி, எங்கள் டிரம்மையும் அதோடு சேர்த்து அனுப்பினோம். சின்னத் தொகைதான் கேட்டார்கள். இந்த வேலையில் இறங்குபவர்கள் ரிமூவர் வாங்குவதற்கு முன்பே இந்த ஏற்பாட்டைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.